பைனாகுலரில் எவ்வளவு அகலம் தெரியும்?

பைனாகுலர் வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை பவர்?" என்பதுதான். கடைக்காரரும் பெரிய எண்ணாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார். 28-2-2001 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் போய் உழைத்துத் திரும்பும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அப்படி வந்த பணத்தில் பிள்ளைகளுக்கென்று வாங்கும் கருவி, "ஒன்றுமே அகப்படவில்லை, கண் வலிக்கிறது" என்ற பேச்சோடு பீரோவுக்குள் போய்விடக் கூடாது. அதற்குப் பவரோடு இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரே ஒரு பெருக்கல்தான்.

10x50 என்று பொறித்திருந்தால், பொருளைப் பத்து மடங்கு பெரிதாக்கும், முன்புறக் கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று பொருள். இதைப் பலரும் அறிவார்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் "ஃபீல்ட் 5.5°" என்று இருக்கும். சிலவற்றில் "1000 கெஜத்தில் 288 அடி" என்றும், சிலவற்றில் "1000 மீட்டரில் 96 மீட்டர்" என்றும் ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். மூன்றும் ஒன்றே. அடிக் கணக்கை 52.5 ஆலும், மீட்டர் கணக்கை 17.5 ஆலும் வகுத்தால் டிகிரி வந்துவிடும். சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு ஷாஃப்ட் கோபுரத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால், கோபுரத்தோடு சேர்ந்து 96 மீட்டர் அகலம் கருவிக்குள் அடங்கும். முழுநிலவின் அகலம் அரை டிகிரி. ஆகவே பதினோரு நிலவுகளை வரிசையாக வைக்கலாம். இதை மெய்ப் பார்வைப் புலம் என்போம்.

இந்த 5.5 டிகிரி, பத்து மடங்கு பெரிதாகி நம் கண்ணுக்கு வருகிறது. ஆகவே கருவிக்குள் தெரியும் வட்டமான வெளிச்ச ஜன்னல் 5.5 x 10 = 55 டிகிரி அகலமாகத் தோன்றும். இதுதான் தோற்றப் பார்வைப் புலம்.

55 டிகிரி என்றால் எவ்வளவு? சமையலறையிலிருந்து ஒரு அடி அகலமுள்ள தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணிலிருந்து பதினாறு அங்குலத்தில் நேராகப் பிடியுங்கள். அது ஏறக்குறைய 40 டிகிரி. பதின்மூன்று அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் 50. ஒன்பதரை அங்குலத்தில் 65. முதல் நிலையில் தட்டைச் சுற்றிச் சுவரும் அலமாரியும் தெரியும். கடைசி நிலையில் பார்வையைத் தட்டே நிரப்பிவிடும். 40 டிகிரிக் கருவியில் ஏதோ குழாய் வழியாக எட்டிப் பார்ப்பதுபோல் இருப்பதும், 65 டிகிரிக் கருவியில் ஜன்னலருகே நிற்பதுபோல் இருப்பதும் இதனால்தான்.

மூன்று கருவிகளை ஒப்பிடுவோம். 7x50, புலம் 7 டிகிரி: பெருக்கினால் 49. 10x50, புலம் 5 டிகிரி: 50. இன்னொரு 10x50, புலம் 6.5 டிகிரி: 65. முதல் இரண்டிலும் ஜன்னல் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் பேத்தமங்கலம் ஏரிக்கரையில் நின்று, பறந்து போகும் நீர்க்காகத்தைப் பிடிக்க வேண்டுமானால் முதல் கருவியே சுலபம். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது 122 மீட்டரைக் காட்டும், இரண்டாவது 87 மீட்டரைத்தான் காட்டும். மூன்றாவதோ பத்து பவரில் 114 மீட்டர் காட்டுகிறது. "இரண்டும் 10x50 தானே, இதற்கு ஏன் கூடுதல் விலை?" என்ற கேள்விக்கு ஒரு விடை இங்கே இருக்கிறது.

கண்ணருகே உள்ள கண்வில்லைத் தொகுதிக்குள் ஒரு வளையம் இருக்கிறது. ஜன்னலின் ஓரத்தை வெட்டுவது அதுதான். அந்த வளையத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, ஓரம்வரை படம் கலங்காமல் வரக் கூடுதல் வில்லைகள் வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் இருந்த ஹைன்ரிஷ் எர்ஃபிள் இதற்காக வகுத்த அமைப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மலிவான கருவியில் 65 டிகிரி என்று போட்டிருந்தால், ஓரத்தில் தெரியும் மின்கம்பம் வளைந்தோ மங்கியோ இருக்கிறதா என்று கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள். "ஜூம்" வகைகளைப் பற்றி என் கருத்து கடுமையானது. 10 முதல் 30 பவர் என்று ஆசை காட்டுவார்கள். பெரும்பாலானவற்றில் 10 பவரில் புலம் 4 டிகிரிக்கு மேல் இருப்பதில்லை. நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், அதே பதினாறு அங்குலத் தட்டு!

பெருக்கல் சற்றுத் தோராயமானது. 2002-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 14132 தரக் குறிப்பின் முறையில், மெய்ப் புலத்தின் பாதிக் கோணத்துக்கு டான்ஜென்ட் எடுத்து, பவரால் பெருக்கி, திரும்பக் கோணமாக்கி இரட்டிப்பார்கள். நமது மூன்றாவது கருவிக்கு அப்படிச் செய்தால் 65-க்குப் பதில் 59 சொச்சம் வரும். ஒரே அளவுள்ள கருவிக்கு ஒரு கம்பெனி 65 என்றும் மற்றது 59 என்றும் போட்டால் யாரும் பொய் சொல்லவில்லை. ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே கணக்கைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மூக்குக்கண்ணாடி அணிகிற பெரியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண் சற்றுத் தள்ளிப் போவதால் அவர்களுக்கு ஜன்னலின் ஓரம் மறைந்துவிடும். 65 டிகிரி வாங்கினாலும் 40 டிகிரிதான் அனுபவத்தில் கிடைக்கும். தம் கண்ணில்தான் கோளாறு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வெறும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், திருகிச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். சிலிண்டர் பவர் உள்ளவர்கள் ரப்பர் விளிம்பை மடக்கிவிட்டு, கண் 15 மில்லிமீட்டராவது தள்ளியிருந்தாலும் முழு வட்டமும் தெரியும் கருவியாகத் தேட வேண்டும். வாங்குமுன் கண்ணாடியோடு போய்ப் பார்ப்பதே நல்லது.

நம் ஊருக்கென்று தனியாக ஒன்று: சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வரும் தூள், அரைத்த குவார்ட்ஸ் கல். அது கண்ணாடியைக் கீறும். வில்லையில் படிந்தால் வேட்டி நுனியாலோ சேலைத் தலைப்பாலோ துடைக்காமல், ரப்பர் ஊதியால் ஊதிவிட்டுப் பிறகு மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள்.

பொறித்த எண்ணை நம்பாதவர்கள் தாங்களே அளந்து பார்க்கலாம். பள்ளிக்கூட மதிற்சுவரில் மீட்டருக்கு ஒரு கோடாகச் சாக்கட்டியால் குறியுங்கள். சுவரிலிருந்து நேர் எதிரே 57.3 மீட்டர், அதாவது 188 அடி, நாடா பிடித்து அளந்து நில்லுங்கள். அந்தத் தூரத்தில் ஒரு மீட்டர் ஒரு டிகிரி. வட்டத்தின் ஓரத்துக்கு ஓரம் எத்தனை மீட்டர் தெரிகிறதோ அத்தனை டிகிரி மெய்ப் புலம். ரயில்வேயில் லெவல் கருவியோடு காலம் கழித்த எனக்கு இந்த முறைதான் பிடித்தமானது.

பிள்ளைகளுக்கு இரவு முறை பிடிக்கும். தை மாத முன்னிரவில் மிருகசீரிடத்துக்குக் கீழே ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றில் முதலில் எழுவது வானத்தின் நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. கருவியை ஆடாமல் ஒரு ஸ்டாண்டில் கட்டி, அந்த நட்சத்திரம் வட்டத்தின் ஓரத்தில் நுழைந்து, மையத்தைக் கடந்து, மறு ஓரத்தில் மறைய எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பாருங்கள். பூமியின் சுழற்சியால் அது நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும். 22 நிமிடம் ஆனால் 5.5 டிகிரி. பகலில் மட்டும் கருவியைச் சூரியன் பக்கம் திருப்ப விடாதீர்கள், கண் நொடியில் போய்விடும்.