'டெஸ்ட் அப் டு டேட்' என்றால் டெஸ்ட் பாஸா? மோக்காவை மேக்ஃபைலோடு இணைக்கலாம் வாங்க

நோட் ஜேஎஸ்-ல் ப்ராஜெக்ட் செய்கிற டீமில் வழக்கமாக நடப்பது இது. ஒருவர் தன் லேப்டாப்பில் மோக்கா டெஸ்ட்களை ஓட்டிப் பார்ப்பார், எல்லாம் பாஸ். ரிவ்யூவுக்குக் கொடுக்கிற ஸிப் ஃபைலை வேறொருவர் தன் லேப்டாப்பில் போடுவார். நடுவில் மூன்றாவது ஆள் ஒரு ஃபங்ஷனைக் கொஞ்சம் மாற்றியிருப்பார். அப்புறம் டெமோவில் எர்ரர் வந்தால், டெஸ்ட் எழுதி என்ன பிரயோஜனம்?

இதற்கு வழி, ஸிப் போடுகிற கட்டளையே முதலில் டெஸ்டை ஓட்டட்டும். ஒரே ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் புது ஸிப் உருவாகக் கூடாது. மோக்காவையும் மேக்கையும் வைத்து இதைச் செய்யப் போகிறோம். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் சொல்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் போட்டுக்கோங்க.)

"மேக் சி ப்ரோக்ராமுக்குத்தானே?" என்று கேட்பீங்க. 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவி அது. சி லேபில் பார்த்ததால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. உண்மையில் மேக்குக்கு சி-யும் தெரியாது, ஜாவாஸ்கிரிப்டும் தெரியாது. எந்த ஃபைல் எதைவிடப் பழசு என்று பார்க்கும். ஓட்டிய கட்டளை முடியும்போது என்ன எண்ணைத் திருப்பியது என்று பார்க்கும். அந்த எண்தான் எக்ஸிட் கோட். 0 என்றால் சரி, வேறு எது வந்தாலும் தப்பு. மோக்கா திரையில் காட்டுகிற சிவப்பு வரிகளை மேக் படிப்பதே இல்லை. ஆகவே இணைப்பது என்றால், அந்த ஒரு எண்ணை மோக்காவிடமிருந்து மேக் வரை கெடாமல் கொண்டு சேர்ப்பது.

மேக்ஃபைலில் 'டெஸ்ட்' என்று ஒரு டார்கெட் எழுதுங்க. அடுத்த வரியில் ஒரு டேப் விட்டு, நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் டாட் பின்-ல் இருக்கும் மோக்காவின் பாதையைக் கொடுங்க. டேப்தான், ஸ்பேஸ் போட்டால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று திட்டும். அதற்குக் கீழே 'ஸிப்' என்று இன்னொரு டார்கெட், அது 'டெஸ்ட்'டைச் சார்ந்தது என்று கோலனுக்குப் பின்னால் எழுதணும். அவ்வளவுதான், பார்க்க முடிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

இப்ப 'மேக் டெஸ்ட்' என்று ஓட்டிப் பாருங்க. 'டெஸ்ட் இஸ் அப் டு டேட்' என்று ஒரு வரி வரும், ப்ராம்ப்ட் திரும்பிவிடும். ஒரு டெஸ்ட்கூட ஓடியிருக்காது! காரணம் எளிது. மோக்கா தன் டெஸ்ட்களை வழக்கமாகத் தேடும் ஃபோல்டரின் பெயரும் 'டெஸ்ட்'தான். மேக்கைப் பொறுத்தவரை டார்கெட் என்பது உருவாக்க வேண்டிய ஒரு ஃபைலின் பெயர். அந்தப் பெயரில் ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது, அது சார்ந்திருப்பது எதுவும் இல்லை, அப்புறம் எதற்கு வேலை என்று சும்மா இருந்துவிடுகிறது. எக்ஸிட் கோடும் 0, அதனால் ஸிப்பும் ஜோராகத் தயாராகிவிடும். மேக்ஃபைலின் மேலே டாட் ஃபோனி (பெரிய எழுத்துகளில்) என்று போட்டு, கோலனுக்குப் பின் டெஸ்ட், ஸிப் இரண்டையும் எழுதுங்க. இவை ஃபைல் பெயர்கள் இல்லை, எப்போதும் ஓட்டு என்று அர்த்தம்.

இரண்டாவது ஓட்டை நாமே போடுவது. டெஸ்ட் ரிசல்ட்டை ரிப்போர்ட்டில் சேர்க்க ஒரு ஃபைலிலும் வேண்டும், திரையிலும் வேண்டும் என்று மோக்காவுக்குப் பின்னால் பைப் (|) போட்டு 'டீ' கட்டளையைச் சேர்ப்போம். ஷெல்லின் வழக்கப்படி பைப்பில் கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோட்தான் மொத்த வரிக்கும் கோட். பத்து டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் 'டீ' தன் வேலையைச் சரியாக முடித்து 0 என்று சொல்லிவிடும். மேக் அதை நம்பும். பாஷ் ஷெல்லில் 'பைப்ஃபெயில்' ஆப்ஷன் இதைத் தடுக்கும். ஆனால் மேக் வழக்கமாகப் பயன்படுத்துவது ஷ், பாஷ் இல்லை. அதனால் மேக்ஃபைலில் ஷெல் பாஷ் என்று சொல்லணும். ரெசிபியின் ஒவ்வொரு வரியும் தனி ஷெல்லில் ஓடுவதால், பைப்ஃபெயிலை அதே வரியின் தொடக்கத்தில் செட் பண்ணணும். என்னைக் கேட்டால் பைப்பே வேண்டாம். > போட்டு ஃபைலுக்கு அனுப்புங்க, எக்ஸிட் கோட் அப்படியே வரும். திரையில் பார்க்க வேண்டுமென்றால் அப்புறம் ஃபைலைத் திறந்துக்கலாம்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. ரெசிபி வரியின் முதல் எழுத்தாக '-' இருந்தால், எர்ரர் வந்தாலும் பரவாயில்லை, தொடரு என்று பொருள். இணையத்தில் கிடைத்த மேக்ஃபைலை காப்பி செய்தவர்கள் இதைத் தேடிப் பாருங்க. ஒரே வரியில் இரண்டு கட்டளைகளை ; போட்டு இணைத்தாலும் முதலாவதன் தோல்வி மறைந்துவிடும். && போடுங்க.

எக்ஸிட் கோட் வரவே வராத கேஸும் இருக்கிறது. எல்லா டெஸ்ட்டும் பாஸ் என்று காட்டும், ஆனால் மேக் நகராமல் அப்படியே நிற்கும். மோக்கா 4-வது பதிப்பிலிருந்து, டெஸ்ட் முடிந்ததும் தானாக ப்ராசஸைக் கொல்வதில்லை. டேட்டாபேஸ் கனெக்‌ஷனோ சர்வரோ திறந்தே இருந்தால் நோட் காத்துக்கொண்டே இருக்கும். '--எக்ஸிட்' என்று கொடுத்தால் உடனே சரியாகிவிடும். ஆனால் அது நோய்க்கு மருந்து இல்லை, வலி மாத்திரை. 'ஆஃப்டர்' ஹுக்கில் கனெக்‌ஷனை மூடுவதே முறை. மூடாமல் விட்ட கனெக்‌ஷன் டெஸ்டில் மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொன்னது?

மோக்காவின் எக்ஸிட் கோடில் ஒரு சுவாரசியம். அது வெறும் 1 இல்லை, ஃபெயில் ஆன டெஸ்ட்களின் எண்ணிக்கை. மேக் 'எர்ரர் 3' என்று நின்றால் மூன்று ஃபெயில். எக்ஸிட் கோடுக்கு 8 பிட்தான் இடம் என்பதால் 256 ஃபெயில் ஆனால் அது 0-வாகச் சுருங்கியிருக்கும். அதற்காகவே மோக்கா 255-ல் நிறுத்திக்கொள்கிறது.

ஒரு டெஸ்டை மட்டும் ஓட்டிப் பார்க்க 'டாட் ஒன்லி' போட்டுவிட்டு எடுக்க மறப்பது எல்லா டீமிலும் நடக்கும். மற்ற டெஸ்ட்கள் ஓடாது, ஆனாலும் 0 வரும். மேக்ஃபைலில் மோக்காவுக்கு '--ஃபர்பிட்-ஒன்லி' கொடுத்தால் அது ஃபெயில் ஆக்கிவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஏதாவது ஒரு டெஸ்டில் எதிர்பார்க்கும் விடையை வேண்டுமென்றே தப்பாக மாற்றுங்க. பழைய ஸிப்பை அழித்துவிட்டு 'மேக் ஸிப்' ஓட்டுங்க. உடனே 'எக்கோ' கட்டளையோடு $? போட்டுப் பார்த்தால் 2 வரணும், ஃபோல்டரில் ஸிப் இருக்கக் கூடாது. 0 வந்தாலோ, ஸிப் வந்து உட்கார்ந்திருந்தாலோ, மேலே சொன்ன இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்க. பைப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.