லாக்கும் அதே கார்டில்தான் போய் விழும்

டிரைவருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க பிரிண்ட்கே போடாதவர் யாரும் இல்லை. பைல் சிஸ்டம் டிரைவரில் மட்டும் அதற்குத் தனி வில்லங்கம் உண்டு. ஒவ்வொரு ரைட்டுக்கும் ஒரு வரி போட்டால், அந்த வரியை லாக் டீமன் எங்கே எழுதும்? பெரும்பாலும் அதே பார்ட்டிஷனில். அதற்கு இன்னொரு வரி வரும், அதையும் எழுத வேண்டும். நிற்கவே நிற்காது.

கோவை சுற்றுவட்டார ஸ்பின்னிங் மில்களின் கன்ட்ரோல் போர்டில், நூல் அறுந்த கணக்கை எஸ்டி கார்டில் சேர்க்கும் பகுதி என் பொறுப்பு. டீபக் செய்யும்போது லாக்கை அந்தக் கார்டுப் பக்கமே விடமாட்டேன். ரேமில் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸுக்குத் திருப்பிவிடுவேன். இல்லையென்றால் நெட்கன்சோல் வழியாக லேப்டாப்புக்கு.

நேரத்தையும் பார்க்க வேண்டும். சீரியல் கன்சோல் 1,15,200 பாடில் ஓடினால் நொடிக்குச் சுமார் 11,500 எழுத்துதான் போகும். 80 எழுத்துள்ள வரி ஒன்றுக்கே 7 மில்லிசெகண்ட். இரண்டு திரெட் மோதிக்கொள்ளும் இடத்தில் அவ்வளவு தாமதத்தைச் செருகினால் மோதலே நடக்காது. "பிரிண்ட் போட்டா பக் காணோம், எடுத்தா வந்துருதுங்க" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் வந்து நின்றால், கன்சோல் லாக்லெவல் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பேன். அதை 4-க்கு இறக்கினால் எரரும் அதைவிடக் கடுமையானதும் மட்டும் கன்சோலுக்குப் போகும். மற்றவை பஃபரில் இருக்கும், டிமெசேஜில் படித்துக்கொள்ளலாம்.

அடிக்கடி ஓடும் பாதையில் பிரிண்ட்கே வேண்டாம், டிரேஸ்பாயிண்ட் வையுங்கள். எக்ஸ்ட்4 அப்படித்தான் செய்கிறது. ஊப்ஸ் வரும்போது டிரேஸ் பஃபரைக் கொட்டச் சொல்லும் பூட் ஆப்ஷனும் இருக்கிறது. விழுவதற்குச் சற்றுமுன் நடந்ததைப் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மற்ற இடங்களுக்கு பிஆர்_டீபக் போதும். 2009-இல் 2.6.30 கெர்னலோடு வந்த டைனமிக் டீபக், ஒரே ஒரு ஃபங்ஷனை, ஏன், ஒரே ஒரு வரியைக்கூட ஓடும் இயந்திரத்திலேயே திறக்கவும் மூடவும் விடுகிறது. இதற்குப் பிறகும் சொந்தமாக ஒரு டீபக் மேக்ரோ எழுதிக்கொண்டு உட்கார்வது வீண் வேலை.

எரர் வரிக்குத்தான் உண்மையில் மெனக்கெட வேண்டும். அதைப் படிப்பவர் நாமல்ல, மில் எலெக்ட்ரீசியன். "ஏனுங்க சார், ஸ்கிரீன்ல ஏதோ எரர்னு வருதுங்க, படிக்கட்டுங்களா?" என்று போனில் கேட்பார், பின்னால் ஸ்பின்டில் ஓடும் இரைச்சல். அவர் படிக்கும் அந்த ஒரு வரியிலேயே எந்த டிவைஸ், எந்த ஃபங்ஷன், ஐநோட் எண், எரர் எண் எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு வரியாக உடைத்தால் நடுவில் வேறு டிரைவரின் வரி புகுந்துவிடும். கார்டு கெட்டுப்போனால் அதே வரி ஆயிரக்கணக்கில் கொட்டும் என்பதால் ரேட்லிமிட் கட்டாயம்: வழக்கமான அளவு 5 நொடிக்கு 10 வரி. ஆனால் முதல் எரரை அதற்குள் அடக்காதீர்கள். அதைத் தனியாக ஒருமுறை அச்சடித்துவிட வேண்டும். மூலகாரணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

சில சமயம் போன்கூட வராது, கார்டு மட்டும் கூரியரில் வரும். லாக் ரொடேட் ஆகிப் பழையது போயிருக்கும். எக்ஸ்ட்4 இதற்கும் வழி வைத்திருக்கிறது. எத்தனை எரர், முதல் எரர் எப்போது, எந்த ஃபங்ஷனில், எந்த வரியில் என்பதை சூப்பர்பிளாக்கிலேயே குறித்துவைக்கும். டியூன்2எஃப்எஸ்ஸில் மைனஸ் எல் கொடுத்தால் தெரியும். எங்கள் டிரைவரின் சூப்பர்பிளாக்கிலும் அதற்கென்று இடம் ஒதுக்கிவிட்டோம்.