பரணில் வைத்த சிடியில் பூஞ்சையா? நீக்கும் வழிகளும் தடுக்கும் வழிகளும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பலரும் தவறாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் வந்த அட்டைப் பெட்டியைத் தெர்மோகோலுடன் அப்படியே பரணில் ஏற்றி விடுவார்கள். வாரண்டி முடியும் வரை பெட்டி இருக்கட்டும் என்பது காரணம். பின்னர் அந்தப் பெட்டியின் காலி இடத்தில் பழைய சிடி, கழற்றிய ஹார்ட் டிஸ்க், கேபிள்கள், பிரிண்டர் மேனுவல் என்று ஒவ்வொன்றாகச் சேரும். நானும் அப்படித்தான் செய்தேன். அதன் பலனை 2024ஆம் ஆண்டு நவம்பர் மழையில் அனுபவித்தேன்.

என் அப்பா தன் ஊரைப் பற்றியும், இளமைக் காலத்தைப் பற்றியும் பேசியதை 2007ல் ஒரு சிறிய மைக் வைத்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, எம்பி3 பைல்களாக மூன்று சிடிக்களில் எழுதி வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் இருந்த மூலப் பதிவு ஹார்ட் டிஸ்க் கெட்டபோது போய்விட்டது. அப்பா 2019ல் காலமானார். அவருடைய திதிக்கு முந்தைய வாரம் அம்மா, "அப்பா பேசினதை எடுத்து வைடா. பேத்தி தாத்தா குரலைக் கேட்டதே இல்லை" என்றார். பரணில் ஏறிப் பெட்டியைத் திறந்தேன். ஈரவாடை முகத்தில் அடித்தது. அட்டை முழுவதும் கறுப்புப் புள்ளிகள். சிடிக்களின் மேல் சாம்பல் நிறத்தில் படலம் படர்ந்திருந்தது.

அந்த ஒரு வாரத்தில் நான் கற்றுக் கொண்டதையும், செய்த தவறுகளையும் உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

பூஞ்சை ஏன் வருகிறது?

பூஞ்சையின் விதைத்துகள்கள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. அவற்றை முற்றிலும் ஒழிக்க முடியாது. அவை வளர உணவும் ஈரமும் வேண்டும். அட்டைப் பெட்டி, காகிதம், மரம், துணி, தூசி எல்லாம் அதற்கு உணவுதான். எனவே நம் கையில் இருப்பது ஈரத்தைக் குறைப்பது மட்டுமே.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்திற்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை வளரத் தொடங்கும். 30 முதல் 50 சதவீதம் வரை இருப்பது நல்லது. நனைந்த அட்டையை அப்படியே விட்டால் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் பூஞ்சை வேர் பிடிக்கலாம். பரணில் காற்றோட்டமும் வெளிச்சமும் இல்லை. நாம் எட்டிப் பார்ப்பதும் இல்லை. ஆகவே அது பூஞ்சைக்கு ஏற்ற இடம்.

சிடி பிளாஸ்டிக்தானே, அதை என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியை, அதன் உள்ளிருக்கும் உலோகப் படலத்தையும் விடாமல் பூஞ்சை அரித்திருந்ததை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2001ல் கண்டறிந்தனர். இது அபூர்வம்தான். பெரும்பாலும் பூஞ்சை மேலாகவே படரும்; கழுவினால் போய்விடும்.

ஈரத்தை அளப்பது எப்படி?

ஹைக்ரோமீட்டர் என்ற சிறிய டிஜிட்டல் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கியதும் அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்து விடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பிச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து விடக் கூடாது. ஈர மணல் போல இருக்க வேண்டும். அந்த மூடியையும் கருவியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, ஓர் இரவு முழுவதும் விடுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். என் கருவி 72 காட்டியது. எனவே அது காட்டுவதுடன் 3 சேர்த்துக் கொள்கிறேன்.

இப்படிக் கணக்கிட்டபோது எங்கள் ஹாலில் 71 சதவீதமும், பரணில் 84 சதவீதமும் இருந்தது. ஒரே வீட்டில் இவ்வளவு வித்தியாசம் என்றால், பரணுக்கு எங்கிருந்தோ தனியாக ஈரம் வருகிறது என்று பொருள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

இதைக் கண்டுபிடிக்காமல் சுத்தம் செய்வது வீண் வேலை. நான் முதலில் செய்த தவறு இதுதான். துடைத்து வைத்தேன், சில நாட்களிலேயே மீண்டும் வந்துவிட்டது.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஓர் அடி அகலத்திற்குக் கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையில் நீர் முத்துக்கள் இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது.

எங்கள் வீட்டில் உள்பக்கம்தான் நனைந்திருந்தது. மொட்டை மாடித் தளம் ஒழுகுகிறது என்று முடிவு செய்து கொத்தனாரை அழைத்தேன். அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு, "சார், தளம் நல்லாத்தான் இருக்கு. வெளிச் சுவர்ல மழைத்தண்ணிக் குழாய் ஜாயின்ட் விட்டிருக்கு. அது சுவர்ல இறங்குது" என்றார். தளம் முழுவதும் பூச வேண்டிய செலவு, ஒரு குழாய் ஜாயின்ட்டோடு முடிந்தது. மழைக்காலத்திற்கு முன்பே மாடியில் தண்ணீர் போகும் வாயை அடைக்கும் இலை தழைகளை அகற்றுங்கள். தளத்தில் தண்ணீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள். சுவர் காய்ந்திருக்கும் கோடையில்தான் பூச்சு வேலைகளைச் செய்ய வேண்டும்.

பரணைச் சுத்தம் செய்தல்

1. மூக்கையும் வாயையும் மூடும் என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி அணியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அந்த அறையில் இருக்க வேண்டாம். பூஞ்சை மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் படர்ந்திருந்தால் விவரம் தெரிந்த ஆட்களிடம் விடுங்கள்.

2. மின்விசிறியை நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். துடைப்பத்தால் தட்டாதீர்கள், விதைத்துகள் வீடு முழுவதும் பரவும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

3. பூஞ்சை பிடித்த அட்டை, காகிதங்களைக் காப்பாற்ற முயல வேண்டாம். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி எறியுங்கள். வாரண்டிக்குத் தேவை பில்லும் சீரியல் எண்ணும்தான். அவற்றைப் போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளலாம். பெட்டி கட்டாயம் தேவையா என்று கடையில் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

4. சுவரையும் பலகையையும் சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு ஓரிரு நாட்கள் டேபிள் ஃபேன் வைத்து நன்கு உலர்த்துங்கள்.

5. பூஞ்சையின் மேலேயே பெயின்ட் அடிக்காதீர்கள். பெயின்ட் உரிந்து வரும்.

ஓர் எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடருடன் கழிவறை ஆசிட்டையோ அம்மோனியா உள்ள திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வெளிவரும்.

சிடிக்களைச் சுத்தம் செய்தல்

1. சிடியின் மேல் பேனாவால் எழுதியிருந்தால் முதலில் அதைப் போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். கழுவும்போது மை அழியலாம். காகித லேபிள் ஒட்டிய சிடியில் லேபிள் பக்கம் நனையக் கூடாது.

2. விளிம்பை மட்டும் பிடித்துக் கொண்டு, குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து விரல் நுனியால் தடவுங்கள்.

3. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகவே துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. சிடியில் தகவல்கள் வட்டப் பாதையில் பதிவாகியுள்ளன. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே பாதிக்கும். அதை டிரைவ் தானே திருத்திக் கொள்ளும். வட்டக் கீறல் தொடர்ச்சியாகத் தகவலை அழித்துவிடும்.

4. கடைசியாக, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிழலில் சாய்த்து நிறுத்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் எழுதும் வகை சிடியின் சாயம் கெடும்.

5. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர், பற்பசை எதுவும் வேண்டாம். இவை பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.

சிடியின் லேபிள் பக்கம் மிக மென்மையானது. தகவல் பதிவான படலம் அதன் அடியிலேயே உள்ளது. சிடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் படலம் போய்விட்டது. எவ்வளவு கழுவினாலும் திரும்ப வராது.

இப்போது வரும் லேப்டாப்களில் சிடி டிரைவ் இருப்பதில்லை. யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினேன். சிடியை நேரடியாக இயக்கிப் பார்க்காமல், முதலில் எல்லாப் பைல்களையும் ஹார்ட் டிஸ்க்கிற்குக் காப்பி செய்யுங்கள். பிழைச் செய்தி வந்தால் அதே டிரைவில் திரும்பத் திரும்ப முயல வேண்டாம். வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். லினக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தச் சொல்லலாம். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் முயலும்.

ஹார்ட் டிஸ்க், கம்ப்யூட்டர்

பரணில் ஈரமான ஹார்ட் டிஸ்க்கை உடனே இணைக்காதீர்கள். சிலிகா ஜெல்லுடன் ஒரு டப்பாவில் மூடி, சில நாட்கள் உலர விடுங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்குகளில் காற்றழுத்தத்தைச் சமன் செய்ய ஒரு சிறு துளை இருக்கும். ஈரக் காற்று அதன் வழியே உள்ளே போகும். எக்காரணம் கொண்டும் அதன் மூடியைத் திறக்காதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய டிஸ்க்கில் முக்கியத் தகவல் இருந்தால், அதை மீட்கும் வல்லுநரிடமே கொடுங்கள்.

ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். 24 டிகிரி அறையில் குளிர்ந்த லேப்டாப்பை வெளியே கொண்டு போனால், அதை ஒரு மணி நேரம் பையிலேயே வைத்துவிட்டுப் பிறகு இயக்குங்கள்.

கம்ப்யூட்டரைப் பிளாஸ்டிக் உறையால் மூடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பருத்தித் துணி போதும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரை இயக்குங்கள். அதன் சூடே ஈரத்தை விரட்டும்.

மீண்டும் வராமல் தடுக்க

பரணில் அட்டைப் பெட்டி வேண்டாம். ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். 20 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் சிலிகா ஜெல் போடலாம். பெட்டியில் வந்த சிறிய பாக்கெட் சில நாட்களிலேயே ஈரத்தை உறிஞ்சி நிரம்பியிருக்கும். அதை நம்ப வேண்டாம். ஆரஞ்சு நிற சிலிகா ஜெல் நிரம்பியதும் பச்சையாக மாறும். அதை ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். நீல நிற வகையில் கோபால்ட் இருப்பதால் வீட்டில் தவிர்ப்பது நல்லது. எந்த வகையானாலும் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அரிசிப் பானை இந்த வேலைக்கு உதவாது. டப்பாவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரே பிரதியை நம்பாமல் இருப்பது. மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டிற்கு வெளியே. இதுதான் விதி. என்னுடைய மூன்று சிடிக்களும் ஒரே பெட்டியில் இருந்தன. பெயருக்கு மூன்றாக இருந்தாலும், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பதிவு. ஆகவே உண்மையில் ஒரே பிரதிதான்.

இரண்டு சிடிக்கள் முழுமையாக வந்துவிட்டன. மூன்றாவதில் 14 பைல்களில் ஒன்பது மட்டுமே கிடைத்தன. போன ஐந்தில் ஒன்று, அப்பா முதல் நாள் வேலைக்குச் சைக்கிளில் போன கதை. திதியன்று மற்றப் பதிவுகளைக் கேட்ட பிறகு, "அந்தக் கதை எனக்குத் தெரியுமே" என்று அம்மா தானே சொல்லத் தொடங்கினார். என் மகள் அதை மொபைலில் பதிவு செய்தாள். அன்று மாலையே மூன்று பிரதிகள் எடுத்தேன். ஒன்று லேப்டாப்பில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று தங்கை வீட்டில்.

உங்கள் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். அடுத்த மழைக்கு முன் ஏறிப் பார்த்துவிடுங்கள்.