எடையைக் குறைக்கும் முன் அறிய வேண்டிய உணவுப் பாடம்

இண்டூர் வட்டாரத்து வீடுகளுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் புதியவை அல்ல. “அரிசியை நிறுத்திவிட்டுக் களி உண்டால் எடை தானாகக் குறையும்” என்ற நம்பிக்கையும் பலரிடம் உள்ளது. இது பாதி உண்மையே. மீதிப் பாதியை நோயாளியும், அவரைக் கவனிக்கும் குடும்பத்தாரும், பயிற்சி அளிப்பவரும் அறிந்திருத்தல் நன்று.

களியும் கணக்கும்

100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி ஆற்றல் உள்ளது. அதே அளவு கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 320. வேறுபாடு மிகச் சிறிது. கேழ்வரகின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அரிசியில் மிகக் குறைவாக உள்ள சுண்ணாம்புச் சத்து, 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கிடைக்கிறது. நார்ச்சத்தும் மிகுதி, ஆதலால் பசி தாங்கும். ஆயினும் இரண்டு உருண்டை உண்ணும் இடத்தில் மூன்று உண்டால் எடை கூடவே செய்யும். நைசாக அரைத்த மாவைக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் இரத்தச் சர்க்கரை விரைவில் ஏறக்கூடும். சர்க்கரை நோயாளர்கள் அளவான களியைக் கீரை, அவரை, கொள்ளு ஆகியவற்றுடன் உண்பதே ஏற்றது.

மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன. கொழுப்பு 9 தருகிறது. தாளிப்பில் கூடுதலாக ஊற்றும் 15 கிராம் எண்ணெய் 135 கலோரி ஆகிறது. நாளொன்றுக்கு நான்கு முறை தேநீர் அருந்தி, ஒவ்வொன்றிலும் 10 கிராம் சர்க்கரை சேர்த்தால், சர்க்கரையால் மட்டும் 160 கலோரி சேரும். நடுத்தர எடையுள்ளவர் அரை மணி நேரம் விரைந்து நடந்து செலவிடும் ஆற்றலைவிட இது குறைவன்று. எனவே நடைப்பயிற்சி மட்டும் போதாது. உணவிலும் மாற்றம் வேண்டும்.

அளந்து பார்ப்போம்

எடையைக் கிலோகிராமில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் உடல் நிறைக் குறியீடு கிடைக்கும். 160 செ.மீ. உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 25. இந்தியர்களுக்கு 23 முதல் மிகை எடை எனவும், 25 முதல் உடற்பருமன் எனவும் கொள்ளப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அளவைத் தாண்டாதிருத்தல் வேண்டும்.

இவர் உடனே பத்துக் கிலோ குறைக்க வேண்டியதில்லை. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது சற்றேறக்குறைய 3 கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீரடையத் தொடங்கும். வாரத்திற்கு அரைக் கிலோ என்பது நல்ல வேகம். பட்டினி கிடந்து விரைவாகக் குறைத்தால் தசை கரையும். பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும்.

தட்டும் பயிற்சியும்

தட்டில் பாதியைக் காய்கறியும் கீரையும் நிரப்பட்டும். கால் பங்கு சோறு அல்லது களி. மீதிக் கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரத உணவு. உப்பு நாளுக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது. நோயாளிக்கெனத் தனிச் சமையல் செய்வதைவிட, வீட்டார் அனைவரும் இம்முறையில் உண்பதே நிலைத்து நிற்கும்.

வாரத்திற்கு 150 நிமிட நடையும், இரண்டு நாள் தசை வலுப்பயிற்சியும் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் குறைந்த அளவு. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதும் தசைப் பயிற்சியே.

பயிற்றுநரிடம் மறைக்கக் கூடாதவை

உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்வோர் தம் நோயையும் உட்கொள்ளும் மருந்துகளையும் முதல் நாளே சொல்ல வேண்டும். காரணம் இதுதான்:

1. இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் உணவைத் தவிர்த்துப் பயிற்சி செய்தால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்குத் தாழலாம். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

2. சிறுநீரக நோய் உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் புரதப் பொடி உண்ணக் கூடாது.

3. பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு வர வேண்டும்.

மகிழக் கூடாத எடைக் குறைவு

முயற்சி ஏதுமின்றி எடை குறைந்தால் அதை நற்செய்தியாக எண்ண வேண்டாம். கட்டுப்பாடற்ற சர்க்கரை, காசநோய், தைராய்டுக் கோளாறு முதலியவை காரணமாகலாம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமலும் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம்.

வீட்டுப் பாடம்

இந்த வாரம் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் இடுப்புச் சுற்றளவையும் ஒரு தாளில் குறியுங்கள். ஒரு மாதத்தில் செலவாகும் எண்ணெயையும் சர்க்கரையையும் அதனருகே எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது அத்தாளைக் கொண்டு வாருங்கள். உங்களுக்கு ஏற்ற அளவை வகுக்க அது பெரிதும் உதவும்.