நிறம் மாறும் மீன்கள்

விடுதி அறையில் கண்ணாடித் தொட்டியொன்று வைத்து, ஆறு நியான் டெட்ரா மீன்களை வளர்த்து வந்தேன். ஓரிரவு விழித்து விளக்கைப் போட்டேன். நீலக் கோடும் செந்நிறமும் மங்கி, மீன்கள் வெளிறி நின்றன. நோயென்று அஞ்சி, நீர் முழுவதையும் கொட்டிவிட்டுக் குழாய்நீரை நிரப்பினேன். விடியுமுன் நான்கு மடிந்தன.

நோய் மீன்களுக்கில்லை, அறியாமை எனக்கிருந்தது. பின்னர்க் கற்றதைச் சங்க நண்பர்களுக்கு உரைக்கின்றேன்.

மீனின் தோலில் நிறமி அணுக்கள் உண்டு. அவற்றுள் கருநிறத் துகள்கள் பரவினால் உடல் கறுக்கும். நடுவே குவிந்தால் வெளிறும். நியான் மீனின் நீலமோ நிறமியன்று. நுண்ணிய குவானின் படிகத் தகடுகள் ஒளியைத் திருப்புவதால் தோன்றுவது. இருளில் தகடுகளின் இடைவெளி குறுகும். நீலம் ஊதாவாய் மங்கும். ஒளி பட்டால் சில நிமிடங்களில் மீளும்.

இம்மாற்றத்துக்குக் கண்ணும் கட்டாயமன்று. கண்ணிழந்த மின்னோ மீன்களும் ஒளிக்கேற்ப நிறம் மாறுவதை 1911-இல் கார்ல் வான் ஃபிரிஷ் காட்டினார். அவற்றின் மூளையே ஒளியை உணர்ந்தது!

நிறமாற்றம் எல்லாம் இவ்வாறு விரைவில் நிகழ்வதில்லை. பொன்மீன் குஞ்சு முதலில் பழுப்பாயிருந்து, மாதங்கள் சென்றே பொன்னிறமாகும். செம்மஞ்சள் தரும் கரோட்டினாய்டை மீன் தானே ஆக்காது, உணவிலிருந்தே பெறவேண்டும்.

ஆகவே நண்பர்களே, இரவில் மீன் வெளிறினால் காலைவரை பொறுங்கள். பகலிலும் வெளிறி, உணவையும் மறுத்தால் நீரைச் சோதியுங்கள். மாற்றும்போது கால்பங்கு நீரையே மாற்றுங்கள். குளோரின் செவுள்களைக் கெடுக்கும். அதை நீக்கிய நீரையே ஊற்றுங்கள்.

எஞ்சிய இரண்டு மீன்களும் இரவுதோறும் வெளிறுகின்றன. நான் விளக்கை அணைத்துவிட்டு உறங்குகின்றேன்.