துள்ளும் செட்டும் தூங்கும் செட்டும்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா காலத்து அசெம்பிள்டு செட்டில் துள்ளிக்கொண்டு வந்த பாட்டு, நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய புது ஆம்ப்ளிஃபயரில் ஈரச்சாக்கைப் போர்த்தியது போல வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஸ்பீக்கர் அதே, பாட்டு அதே, அறையும் அதே. ‘இப்போது வருகிற எதிலும் உயிர் இல்லை’ என்று தீர்ப்பையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

மாற்றி மாற்றிக் கேட்டபோது இரண்டிலும் சத்தம் சமமாக இருந்ததா? குமிழைப் பாதிக்குத் திருப்பிவைத்தேன் என்பீர்கள். அது கணக்கில் வராது. ஒன்றில் பாதி, இன்னொன்றில் காலாக இருக்கும். ஒரு டெசிபெல் கூடினால் ‘சத்தம் கூடிவிட்டது’ என்று காது சொல்வதில்லை, ‘பாட்டு எடுப்பாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். ஸ்பீக்கர் முனையில் அது வெறும் 12 சதவீத வோல்டேஜ் வித்தியாசம். விற்றாக வேண்டிய பெட்டியை ஒரு நூல் கூட்டிவைக்கத் தெரியாத விற்பனையாளர் உண்டா என்ன!

அப்பா செட்டில் ‘லௌட்னஸ்’ என்று ஒரு ஸ்விட்சு இருக்கிறதா பாருங்கள். 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் மனிதக் காதை அளந்து வளைகோடுகளாக வரைந்தார்கள். சத்தம் குறையக் குறைய, மற்ற ஒலிகளைவிட பேஸ் முந்திக்கொண்டு மறைகிறது. அதை ஈடுகட்ட வந்ததுதான் அந்த ஸ்விட்சு. புதுப் பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது; உள்ளதை உள்ளபடி தருகிறோம் என்று பெருமை வேறு. இரவு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் பயந்து மெதுவாக வைத்தால், அந்த நேர்மை மிருதங்கத்தின் தொப்பியை அப்படியே விழுங்கிவிடும்.

நண்பர் வீட்டு வால்வு செட் எல்லாவற்றையும் மிஞ்சியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குப் பிடித்த கதை வருகிறது. 1985இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகைக்காரர்களிடம் ஒரு சவால் விட்டார். நீங்கள் ஒசத்தி என்று நினைக்கும் ஆம்ப்ளிஃபயர் எதுவானாலும் கொடுங்கள், என்னுடைய டிரான்சிஸ்டர் பெட்டியை அதேபோலப் பாடவைக்கிறேன் என்றார். அவர்கள் கொடுத்தது விலை மிகுந்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர். மனிதர் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெட்டிக்கும் ஒரே பாட்டைக் கொடுத்து, ஒன்றின் ஒலியிலிருந்து மற்றதைக் கழிப்பது அவர் வழி. இரண்டும் ஒன்றாக இருந்தால் மிஞ்சுவது நிசப்தம். ஏதாவது கேட்டால் அதுதான் வித்தியாசம். அந்த மிச்சத்தை 70 டெசிபெல் கீழே இறக்கினார். வோல்டேஜில் சொன்னால் மூவாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு பத்திரிகைக்காரர்களால் இது எது, அது எது என்று சொல்ல முடியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தன் பெட்டியை அவர் ‘நல்லதாக்க’வில்லை; வால்வு செட்டின் குறைகளை அதற்குள் கொண்டுவந்தார். வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள்தடை பெரும்பாலும் ஓரிரு ஓம் இருக்கும். ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது ஓர் அதிர்வெண்ணில் 6, இன்னொன்றில் 30 என்று ஏறி இறங்கும். ஆம்ப்ளிஃபயரின் தடை 2 ஓம் என்றால், 6 ஓம் இடத்தில் கால் பங்கு வோல்டேஜ் உள்ளேயே நின்றுவிடும். 30 ஓம் இடத்தில் கிட்டத்தட்ட எல்லாம் வெளியே வரும். இரண்டு இடங்களுக்கும் நடுவே சுமார் இரண்டு டெசிபெல் மேடுபள்ளம். யாரோ டோன் குமிழைத் திருகியது மாதிரிதான். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் உள்தடை 0.05 ஓம் அளவில் இருக்கும். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆக, அந்த வால்வு செட்டின் ‘உயிர்’ பாதி அந்த ஸ்பீக்கரில் இருக்கிறது. வேறு ஸ்பீக்கரை மாட்டினால் அதே செட் சப்பென்று ஆகிவிடலாம்.

மீதி, ஒலி உருக்குலைவின் (டிஸ்டார்ஷன்) ஜாதி. வால்வு கூட்டிச் சேர்ப்பது பெரும்பாலும் இரண்டாவது ஹார்மோனிக், அதாவது மூல ஒலியின் இருமடங்கு அதிர்வெண்; ஸட்ஜத்துக்கு அது தாரஸ்தாயி ஸட்ஜம். சுருதியோடு ஒட்டிக்கொள்ளும், ஒலி பருத்ததாகத் தோன்றும். ஓய்வு மின்னோட்டத்தை (பயாஸ்) சரியாக வைக்காத டிரான்சிஸ்டர் செட் தருவதோ ஏழாவது, ஒன்பதாவது போன்றவை. அவை ஸட்ஜத்தோடு அப்படி ஒட்டிக்கொள்வதில்லை. மெல்லிய சத்தத்தில்தான் அந்தக் கரகரப்பு அதிகம் உறுத்தும்.

நானும் யோக்கியன் இல்லை. ஒருமுறை ராத்திரி முழுக்க உட்கார்ந்து என் செட்டில் கப்பாசிட்டர்களை மாற்றினேன். அடடா, வீணையின் மீட்டு எப்படித் தெறிக்கிறது என்று வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் கேட்கவைத்தேன். மூடியைப் போடும்போது ட்ரெபிள் குமிழ் நகர்ந்துபோயிருந்ததைக் காலையில்தான் பார்த்தேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உங்கள் வேலை இதுதான். ஒரு மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து ஸ்பீக்கர் முனையில் பிடியுங்கள். 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டு செட்டும் ஒரே வோல்ட் காட்டும்படி குமிழைத் திருப்புங்கள். (இரண்டையும் ஒரே நேரத்தில் ஸ்பீக்கரில் கட்டிவிடாதீர்கள், புகை வரும்.) டோன் குமிழ்கள் நடுவில் நிற்கட்டும், லௌட்னஸ் இருந்தால் அணைத்துவிடுங்கள். வயரை வீட்டில் யாராவது மாற்றட்டும். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. பத்து தடவை கேட்டுக் குறித்துவையுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. அப்பா செட்டில் அந்த ஸ்விட்சு இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்