பிள்ளை பார்த்தால் கணக்கு மறக்கும்

"டொக்டர், அம்மாவுக்கு மறதி வருத்தம் போலக் கிடக்கு" என்று மகன் கூட்டி வந்தார். 100 இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். 93 என்றவர் மகனின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மகனை வெளியே இருக்கச் சொல்லி, ஆறுதலாகத் திரும்பக் கேட்டேன். 65 வரை பிழையில்லை.

ஒரு விடயத்தைச் சில விநாடிகள் மனதில் பிடித்துக்கொண்டே வேலை செய்வதுதான் தொழிற்படு நினைவு. அதில் ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு விடயங்களுக்கே இடமுண்டு. "பிழை விட்டால் என்ன நினைப்பினம்?" என்ற கவலையும் அதே இடத்தைத்தான் பிடிக்கிறது. பதகளிப்புச் சுபாவம் உள்ளவர்களுக்கு இன்னும் கூட.

1993 இல் ஜேர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், முகபாவம் காட்டாத நடுவர்கள் முன் 5 நிமிடம் பேசிவிட்டு, 1022 இலிருந்து 13 ஐத் திரும்பத் திரும்பக் கழிக்க வேண்டும். பெரும்பாலானோரின் உமிழ்நீரில் கோட்டிசோல் கூடிவிடும். (அகதி விசாரணையில் சொந்தப் பிறந்த திகதிக்கே தடுமாறியவன் நான்!)

ஆகவே மறதிப் பரிசோதனைக்குப் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். ஆனால் வீட்டில் அடுப்பை அணைக்க மறப்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது பதற்றத்தின் கணக்கில் சேராது. அந்த அம்மாவையும் பி12, தைரொயிட் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் விட்டேன்.